சிறுநகரில் ஒரு பல்கலைக்கழகம்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடித்தபின் எங்கே படிப்பது என்னும் வினா ஒவ்வொரு மாணவர் முன்னும் நிற்கிறது. பெருநகரத்துக்குச் சென்றால்தான் உயர்கல்வி கிட்டும் என்று எண்ணுவோர் பலர். சிறுநகரங்களில் அமைந்த அரசுப் பல்கலைக்கழகங்கள் அவ்வெண்ணத்துக்கு மறுமொழியாக விளங்குகின்றன. அங்குள்ள மாணவர் வாழ்க்கை எத்தகையது? அது எதைத் தருகிறது, எதை எதிர்பார்க்கிறது? சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

இருப்புப்பாதையின் இருபுறம்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் ஓட, கிழக்கே சில கல் தொலைவில் கடல் விரிய, இடையில் அமைந்த ஊர் சிதம்பரம். விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதை இவ்வூரை இரண்டாகப் பகுக்கிறது. மேற்கே நடராசர் கோவிலும் அதனைச் சூழ்ந்த தேர்வீதிகளும் கடைத்தெருவும் உள்ளன. கிழக்கே அண்ணாமலைநகர் என்னும் பெயரில் பல்கலைக்கழகம் பரந்து கிடக்கிறது. தேவாரப் பாடல்பெற்ற திருவேட்களம் இப்பகுதியிலேயே அமைந்துள்ளது. தொன்மையான தலமும் இருபதாம் நூற்றாண்டின் கல்வி நிறுவனமும் ஒரே நிலப்பரப்பில் அடுத்தடுத்து நிற்பது இவ்வூரின் தனித்தன்மை.

கல்வியாண்டு தொடங்கும் நாள்களில் சிதம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் ஒரு காட்சியைக் காணலாம். தகரப்பெட்டியின் இடத்தைச் சக்கரம் வைத்த பெட்டி பிடித்துவிட்டது. ஆயினும் தலையணை, பாய், வாளி, ஊறுகாய்ப் புட்டி ஆகியவை இன்றும் மாறவில்லை. மகளையோ மகனையோ விடுதியில் சேர்க்க வந்த பெற்றோர் வேற்றூரின் வெயிலில் நின்று வழி கேட்கின்றனர். அவர்களுள் பலர் பல்கலைக்கழகம் ஒன்றின் வாயிலை முதன்முறையாகக் காண்பவர்கள். தம் குடும்பத்தில் ஒருவரும் கடந்திராத வாயிலைக் கடக்கும் அம்மாணவருக்கு அடுத்த மூன்று ஆண்டுகள் எப்படி அமையும் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

கல்லூரி பல்கலைக்கழகமான வரலாறு

1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இயங்கியது. கற்பித்தல் அதனோடு இணைந்த கல்லூரிகளில் நடைபெற்றது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கி, கற்பித்தலும் ஆய்வும் அங்கேயே நிகழும் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. தமிழகத்தில் அக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர் அண்ணாமலை செட்டியார்.

அவர் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதனைத் தொடர்ந்து தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்வி நிலையங்கள் தோன்றின. மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை பணியாற்றினார். இந்நிறுவனங்களையும் இருபது இலட்சம் ரூபாய் நன்கொடையையும் அடித்தளமாகக் கொண்டு 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் தோன்றிய இரண்டாவது பல்கலைக்கழகம் இதுவே.

சிறுநகரில் இருந்தமையால் இதன் அறிவுப் பரப்பு சுருங்கிவிடவில்லை. இலங்கையின் காரைதீவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டம் பெற்ற விபுலாநந்த அடிகள் 1931-இல் இங்குத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவருக்குப்பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் அப்பொறுப்பை ஏற்றார். இயற்பியல் பயில வந்த அ.ச. ஞானசம்பந்தன் பாரதியாரின் தூண்டுதலால் தமிழ் பயிலலானார். பின்னாளில் சிறந்த திறனாய்வாளராகத் திகழ்ந்தார். செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-இல் பிறந்த கணித அறிஞர் சி. சிவசங்கரநாராயண பிள்ளை 1929 முதல் 1941 வரை இங்கு விரிவுரையாளராக இருந்தார். எந்த நேர்ம முழு எண்ணையும் எழுபத்து மூன்றுக்கு மிகாத ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுதலாம் என்பதை அவர் 1940-இல் நிறுவினார். உலகக் கணித அறிஞர் பலர் முயன்ற வாரிங் சிக்கலின் ஒரு பகுதிக்கு விடை சிதம்பரத்திலிருந்து சென்றது. அறிவு ஊரின் அளவைப் பார்த்துப் பிறப்பதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

பின்னர்ப் பொறியியல், வேளாண்மை, மொழியியல், கடல்வாழ் உயிரியல் எனத் துறைகள் பெருகின. 1979-இல் தொலைநிலைக் கல்வி தொடங்கியது. பணியில் இருப்போரும் குடும்பப் பொறுப்பில் இருப்போரும் வீட்டிலிருந்தே பட்டம் பெற அது வழிவகுத்தது.

பள்ளியிலிருந்து பருவமுறைக்கு

பள்ளியில் பன்னிரண்டாண்டுகள் பயின்ற ஒருவர் பல்கலைக்கழகத்தில் முதலில் உணரும் மாற்றம் நேரத்தைப் பற்றியது. பள்ளியில் மணி ஒலிக்கும். அடுத்த பாடம் தொடங்கும். இங்கு நாளொன்றுக்குச் சில மணி நேரமே வகுப்பு. எஞ்சிய பொழுது மாணவரின் கையில் இருக்கிறது. அப்பொழுதை நூலகத்தில் செலவிடுவதா, விளையாட்டுத் திடலில் செலவிடுவதா, மரத்தடிப் பேச்சில் செலவிடுவதா என்பதை எவரும் கட்டளையிடுவதில்லை. விடுதலை என்று முதலில் தோன்றும் இது, முதல் பருவத்தேர்வு நெருங்கும்போது பொறுப்பு என்று புலப்படும்.

ஓராண்டு இரண்டு பருவங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் அகமதிப்பீடு, பருவத்தேர்வு என இருவகை மதிப்பெண்கள் உண்டு. வகுப்புத் தேர்வு, கருத்தரங்கக் கட்டுரை, ஒப்படைப்பு ஆகியவற்றுக்கு உரியது அகமதிப்பீடு. பல பாடங்களில் இது நூற்றுக்கு இருபத்தைந்தாக அமைகிறது. எஞ்சிய எழுபத்தைந்து பருவத்தேர்வுக்கு உரியது. ஆண்டு முழுவதும் சும்மா இருந்து இறுதி மாதத்தில் மனப்பாடம் செய்யும் பழக்கம் இம்முறையில் பயன் தராது. வருகைப்பதிவு எழுபத்தைந்து விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்னும் விதியும் உண்டு. ஒரு பாடத்தில் தேறாதவர் அதனை அடுத்தடுத்த பருவங்களில் எழுதலாம். மாணவர் வழக்கில் இது 'அரியர்' எனப்படுகிறது. ஒரு பாடம் நிலுவையாவது இழிவன்று. அதனை ஆசிரியரிடமும் வீட்டிலும் மறைத்து, ஒன்றைப் பலவாகப் பெருகவிடுவதே இடர்.

இரண்டாவது மாற்றம் ஆசிரியரைப் பற்றியது. பள்ளி ஆசிரியர் மாணவரைத் தேடி வந்து பாடம் புரிந்ததா என்று கேட்பார். பல்கலைக்கழகப் பேராசிரியரை மாணவர்தாம் தேடிச் செல்லவேண்டும். வளாகத்துக்குள்ளேயே துறையும் நூலகமும் குடியிருப்பும் இருக்கும் சிறுநகரப் பல்கலைக்கழகத்தில் இது எளிது. பெருநகரில் மாலை ஐந்து மணிக்கு ஆசிரியர் ஒரு திசையிலும் மாணவர் ஒரு திசையிலும் நெரிசலில் கலைந்துவிடுவர். இங்கோ மாலை நடையில் எதிர்ப்படும் பேராசிரியரிடம் காலையில் எழுந்த ஐயத்தைக் கேட்டுவிட முடியும். சி.பி. இராமசாமி ஐயர் பெயரிலமைந்த நூலகம் இவ்வளாகத்தின் நடுநாயகம். பாடநூலைத் தேடிச் சென்றவர் அதற்கு அருகே இருக்கும் வேறொரு நூலை எடுத்துப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது உண்மையான உயர்கல்வி.

மொழி என்னும் பாலம்

தமிழ்வழியில் பயின்று வருவோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடு ஆங்கிலம். ஒளிச்சேர்க்கை, திசைவேகம், முடுக்கம், வேதிவினை ஆகியவற்றைத் தமிழில் தெளிவாகக் கற்றவர், வகுப்பில் அவற்றின் ஆங்கிலப் பெயர்களைக் கேட்டுத் திகைக்கிறார். தமக்குப் பாடமே தெரியவில்லை என்று எண்ணி மனம் சோர்கிறார். உண்மையில் அவருக்குக் கருத்து தெரியும், பெயர்தான் புதிது. இவ்வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு குறிப்பேட்டின் இடப்பக்கம் வகுப்பில் கேட்ட ஆங்கிலக் கலைச்சொல்லையும் வலப்பக்கம் பள்ளியில் கற்ற தமிழ்ச்சொல்லையும் நாள்தோறும் எழுதி வருதல் வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துச் சொற்கள் என்றால் நூறு வகுப்பு நாள்களில் ஆயிரம் சொற்கள் சேரும். ஓர் இளநிலைப் பாடத்தின் அடிப்படையைப் புரிந்துகொள்ள அது பெருந்துணையாகும். ஆங்கிலவழியில் பயின்ற அறைத்தோழர் ஒருவர் கிடைத்தால் இப்பணி இன்னும் எளிதாகும். அவருக்குத் தமிழ்க் கட்டுரை எழுதக் கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்கலாம். இக்கொடுக்கல் வாங்கலில் இருவரும் கடன்படுவதில்லை.

உணவகக் கணக்கு

விடுதி வாழ்க்கை என்றதும் உணவைப் பற்றிய குறைகளே நினைவுக்கு வரும். சாம்பாரில் பருப்பைத் தேடுவது தலைமுறைகள் தாண்டிய நகைச்சுவை. ஆனால், விடுதி உணவகம் கற்பிக்கும் கணக்கு ஆழமானது. பல விடுதிகளில் உணவுக்கட்டணம் முன்கூட்டியே வரையறுக்கப்படுவதில்லை. மாதம் முழுவதும் ஆன செலவைக் கூட்டி, உண்டவர்களிடையே பகிர்வர். மாணவர் இதனை 'டிவைடிங்' முறை என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு விடுதியில் இருநூறு மாணவர் உள்ளனர் எனக் கொள்வோம். ஒருவர் ஒருநாள் உண்பது ஓர் ஆள்நாள். ஊருக்குச் சென்றவர்களின் நாள்களைக் கழித்தபின் அம்மாதத்தில் 5,000 ஆள்நாள்கள் வருகின்றன. மொத்தச் செலவு ரூ. 4,50,000 எனில், ஓர் ஆள்நாளுக்கு ரூ. 90 ஆகும். இருபத்து நான்கு நாள்கள் உண்ட மாணவர் ரூ. 2,160 செலுத்துவார்.

இனி, அச்செலவில் ரூ. 1,50,000 சமையற்காரர் ஊதியம் முதலிய மாறாச் செலவு எனவும், எஞ்சிய ரூ. 3,00,000 அரிசி, காய், எரிவாயு முதலிய மாறும் செலவு எனவும் கொள்வோம். ஆள்நாளுக்கு மாறாச் செலவு ரூ. 30, மாறும் செலவு ரூ. 60. மறுமாதம் பலர் உணவகத்தை விட்டு வெளியே உண்ணத் தொடங்க, ஆள்நாள்கள் 3,000 ஆகக் குறைகின்றன. மாறாச் செலவு அப்படியே இருக்கும். ஆகவே ஆள்நாளுக்கு அது ரூ. 50 ஆகிவிடும். மொத்தம் ரூ. 110. அதே இருபத்து நான்கு நாள்களுக்கு மாணவர் இப்போது ரூ. 2,640 தரவேண்டும். உணவு மாறவில்லை, விலைவாசியும் உயரவில்லை, கட்டணம் மட்டும் ரூ. 480 கூடிவிட்டது.

கூடிய தொகையைச் சுமப்பவர் யார்? வெளியே உண்ண வசதியுள்ளவர் சென்றுவிட்டார். வேறு வழியற்றவரே உணவகத்தில் எஞ்சி நிற்கிறார். சுமை அவர் தலையில் இறங்குகிறது. பொதுப்பள்ளி, பொதுமருத்துவமனை, பொதுப்பேருந்து ஆகிய அனைத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். இயன்றவர் விலகினால் இயலாதவர்க்குப் பொதுவசதியின் விலை ஏறும். ஆகவே, உணவு சரியில்லை எனில் விலகிச் செல்வதைவிட, உணவகக் குழுவில் இடம்பெற்றுக் கொள்முதல் கணக்கைப் பார்ப்பதும், தட்டில் வீணாகும் சோற்றைக் குறைப்பதும் சிறந்த வழிகள். வீணாகும் ஒவ்வொரு கைப்பிடிச் சோறும் அடுத்த மாதக் கணக்கில் அனைவர் பெயரிலும் பற்றெழுதப்படுகிறது.

செலவும் உதவியும்

சிறுநகரில் வாழ்க்கைச் செலவு குறைவு. அறை வாடகையும் சிற்றுண்டியும் நகரத்தைவிட மலிவு. நடந்தோ மிதிவண்டியிலோ வகுப்புக்குச் செல்லலாம். புவனகிரி, காட்டுமன்னார்கோவில், சீர்காழி, பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து பேருந்தில் நாள்தோறும் வந்து செல்வோரும் உண்டு. வீட்டு உணவை உண்டு, வயல்வேலைக்கும் துணைநின்று, பட்டமும் பெறும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டுகிறது. பெண்ணைத் தொலைதூரம் அனுப்பத் தயங்கும் குடும்பங்களில், பேருந்தில் சென்று மாலையில் திரும்பும் தொலைவில் பல்கலைக்கழகம் இருப்பதே அப்பெண்ணின் கல்வியைத் தீர்மானிக்கிறது.

அரசின் உதவிகள் பல. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. தொழிற்கல்வி பயிலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பயின்ற மாணவியர்க்கு மாதம் ரூ. 1,000 வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்தது. சான்றிதழ்களை உரிய நாளில் பெற்று வைத்திராமையால் உதவியை இழப்போர் உளர். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் முன்னரே பெற்று வைத்தல் நன்று.

தெரிந்து தெளிவோம்

பல்கலைக்கழகம் தோன்றுவதற்கு முன்பே, 1916-இல், சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்காக நந்தனார் பெயரில் கல்விச்சாலை ஒன்றை நிறுவினார். பள்ளிக்குள் நுழையவே தடையிருந்த காலத்தில் அப்பணி தொடங்கியது. தொடக்கப்பள்ளியின் கதவு திறந்தால்தான் பல்கலைக்கழகத்தின் கதவுக்குப் பொருள் உண்டு என்பதை இவ்வூரின் வரலாறு காட்டுகிறது.

அச்சமின்றி வாழும் உரிமை

விடுதியில் மூத்தோரும் இளையோரும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றனர். மூத்தோர் வழிகாட்டுவது மரபு. அவ்வுறவு அதிகாரமாகத் திரியும்போது பகடிவதை பிறக்கிறது. 1996-இல் இங்கிருந்த மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழகம் முழுவதையும் உலுக்கிய இந்நிகழ்வைத் தொடர்ந்து, தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம் 1997-இல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி பகடிவதை புரிவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் கல்வி நிறுவனத்திலிருந்து நீக்கப்படுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்துவன.

பெருமைக்குரிய வரலாற்றைப் படிக்கும்போது இத்துயரையும் சேர்த்தே படிக்கவேண்டும். விளையாட்டு என்று சொல்லப்படுவது எங்கே வன்முறையாகிறது? எதிரில் இருப்பவர் "வேண்டா" என்று சொல்ல இயலாத நிலையிலேயே அது வன்முறையாகிவிடுகிறது. புதிதாக வந்த மாணவர் அச்சத்தால் சிரித்தால் அது இசைவு ஆகாது. பாதிக்கப்படுவோர் விடுதிக் காப்பாளரிடமும் பகடிவதைத் தடுப்புக் குழுவிடமும் முறையிடலாம். 1800-180-5522 என்னும் தேசிய உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பார்த்துக்கொண்டு வாளாவிருப்பவரும் தம் கடமையில் தவறியவரே. ஓராண்டு கழித்து மூத்த மாணவராகும்போது, தாம் பட்டதைப் பிறர்க்குத் திருப்பித் தராமல் அச்சங்கிலியை அறுப்பவரே உண்மையில் மூத்தவர்.

ஊரே ஆய்வுக்கூடம்

பெருநகரப் பல்கலைக்கழகத்துக்கு இல்லாத ஒரு செல்வம் இங்குண்டு. அஃது ஊரே ஆய்வுக்கூடமாக இருப்பது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. ஆற்றுநீர், கழிமுக நீர், கடல்நீர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிடும் வாய்ப்பு அங்குப் பயில்வோர்க்கு உண்டு. அருகிலுள்ள பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகள் அவர்களுக்கு உயிருள்ள பாடநூல். அக்காடுகளில் வளரும் தில்லை மரமே இவ்வூருக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்தது.

வேளாண்மை மாணவர் காவிரிப் படுகையின் கடைமடையில் நிற்கிறார். மேட்டூரில் திறக்கப்படும் நீர் காலம் தாழ்ந்து வந்தால் என்ன நிகழும், மிகுந்து வந்தால் என்ன நிகழும் என்பதை அவர் கண்ணெதிரே காண்கிறார். மொழியியல் மாணவருக்கு மீனவர் பேச்சும் உழவர் பேச்சும் நடந்துபோகும் தொலைவில் கிடைக்கின்றன. இசைத்துறையில் தண்டபாணி தேசிகர் முதலானோர் பணியாற்றினர். தமிழிசை இயக்கத்துக்கு இவ்வூர் தாயகமாக விளங்கியது.

ஊரும் பல்கலைக்கழகத்தால் வாழ்கிறது. ஒளிப்படி எடுக்கும் கடை, சிற்றுண்டிச்சாலை, மிதிவண்டி பழுதுபார்ப்பவர், அறைகளை வாடகைக்கு விடுவோர் ஆகியோரின் வருவாய் மாணவரைச் சார்ந்தது. கோடை விடுமுறையில் அண்ணாமலைநகர்த் தெருக்கள் ஓய்ந்து கிடக்கும். ஊர் மாணவருக்குப் பாடம் தருகிறது. மாணவர் ஊருக்குப் பிழைப்புத் தருகின்றனர். ஆகவே, தெருவில் மாணவர் நடந்துகொள்ளும் முறையும், ஊரார் மாணவரை நடத்தும் முறையும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள்.

மாணவர் குரல்

பல்கலைக்கழகம் பட்டத்தோடு குடிமைப் பண்பையும் தருகிறது. க. அன்பழகன், இரா. நெடுஞ்செழியன் முதலியோர் இங்குத் தமிழ் பயின்று பொதுவாழ்வுக்கு வந்தவர்கள். 1965-ஆம் ஆண்டு சனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் இராசேந்திரன் என்னும் மாணவர் உயிரிழந்தார். அவருடைய சிலை பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. வகுப்புக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வயதொத்த ஒருவரின் சிலையைக் கடந்து செல்கின்றனர்.

கடும் நிதி நெருக்கடியால் 2013-இல் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்தைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. நிருவாகம் அரசிடம் வந்தபின், மருத்துவ மாணவர் எளிய வினா ஒன்றை எழுப்பினர். கல்லூரி அரசுடையது எனில், கட்டணம் மட்டும் ஏன் அரசுக் கல்லூரியைவிடப் பன்மடங்கு? 2020 திசம்பரில் தொடங்கிய அவர்களது அறப்போராட்டம் வாரக்கணக்கில் நீடித்தது. 2021-இல் அக்கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொணரப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்குரிய அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. கட்டணமும் பிற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. பொதுநிறுவனம் என்பது பெயர்ப்பலகையில் எழுதும் சொல்லன்று. யாரால் அங்கே சேர முடிகிறது என்பதே அதன் அளவுகோல்.

தேர்ந்தெடுக்கும் முன்

சிறுநகரப் பல்கலைக்கழகத்துக்குக் குறைகளும் உண்டு. பெருநிறுவனங்கள் அருகில் இல்லை. பயிற்சிப் பணிக்கு வெளியூர் செல்ல வேண்டியிருக்கும். வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் குறைவாக இருக்கலாம். சில துறைகளில் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பாதிருக்கலாம். இவற்றை அறியாமல் சேர்வதும், இவற்றைமட்டுமே எண்ணி ஒதுக்குவதும் பிழை. நீங்கள் விரும்பும் துறையில் எத்தனை ஆசிரியர் உள்ளனர்? ஆய்வுக்கூடம் இயங்குகிறதா? விடுதியில் இடம் கிடைக்குமா? மூன்றாண்டுக்கும் ஆகும் மொத்தச் செலவு என்ன? அங்கே இப்போது பயிலும் மாணவர் என்ன சொல்கின்றனர்? இவ்வினாக்களைக் கேட்டறிந்து முடிவு செய்தல் வேண்டும். விளம்பரப் பலகையில் இருக்கும் கட்டடத்தின் உயரம் இவற்றுள் எதற்கும் விடை தராது.

மூன்றாண்டுகளுக்குப் பின் பட்டத்துடன் ஊர் திரும்பும் மாணவர் எதைக் கொண்டு வருகிறார்? துறையறிவு ஒரு பங்கு. பிறர் மொழியை, பிறர் வறுமையை, பிறர் பசியை ஒரே அறையில் இருந்து உணர்ந்த பட்டறிவு மறுபங்கு. பொதுச் செலவைப் பகிர்ந்து கொள்ளவும், அநீதியைக் கண்டால் முறையாகக் கேள்வி எழுப்பவும், தமக்குப்பின் வருவோர்க்கு வழிவிடவும் கற்றவரே கல்வியை நிறைவு செய்தவர். அவருடைய தெருவில் அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஒரு சிறுமி, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்டு அவர் வீட்டு வாயிலுக்கு வருவாள். அவளுக்கு அவர் ஒதுக்கும் அரைமணி நேரத்தில் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு வீட்டுக்கு அருகில் வந்துவிடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ பயிலும் மாணவர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்துவதற்குரிய பத்து வினாக்களை உருவாக்குக.

2. உங்கள் அறிவியல் பாடநூலிலிருந்து ஐம்பது கலைச்சொற்களைத் தொகுத்து, இருமொழிக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்குக.

3. உணவகக் கணக்கில் ஆள்நாள்கள் 2,500 ஆகக் குறைந்தால் ஒருநாள் உணவுக்கட்டணம் எவ்வளவாகும்? கணக்கிட்டு, அதனால் யார் பாதிக்கப்படுவர் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

4. 'பகடிவதையற்ற வளாகம்' என்னும் பொருளில், முதலாண்டு மாணவரை வரவேற்கும் மூத்த மாணவரின் கடிதம் ஒன்றை எழுதுக.